பழைய மதில்களின் கொடி

'ஒயின்' என்ற சொல் நம் ஊர்களில் படும் பாட்டை யாவரும் அறிவர். கடைத்தெருவில் அச்சொல்லைச் சொன்னால் மக்கள் கைகாட்டும் இடத்தில் பெரும்பாலும் விற்கப்படுவது, திராட்சையோடு எவ்வுறவும் இல்லாத சாராய வகைகளே. நாள்தோறும் பீடத்தில் திராட்சை இரசத்தைக் கையில் ஏந்தும் நாமும்கூட, அது எந்த மண்ணில், எவருடைய உழைப்பில் பிறக்கிறது என நெடுங்காலம் எண்ணிப் பார்த்ததில்லை. மத்தியதரைக் கடலோரக் குன்றுகள் சிலவற்றின் வரலாற்றை வாசிக்க நேர்ந்தபோதுதான் அவ்வெண்ணம் எழுந்தது.

பிரான்சின் தென்கரையில், மார்செய் நகருக்கும் தூலோன் துறைமுகத்துக்கும் இடையே பாந்தோல் என்னும் சிறிய ஊர் உள்ளது. அதன் பின்னே குன்றுகள் அரைவட்டமாக எழுந்து கடலை நோக்கி நிற்கின்றன. கிரேக்கர் கி.மு. 600 அளவில் மார்செய்யை நிறுவிய காலந்தொட்டு இக்கரையில் திராட்சைக்கொடி வேரூன்றியுள்ளது. பிற்காலத்தில் பாந்தோல் துறையில் கப்பலேறிய பீப்பாய்கள், ஊர்ப்பெயரின் முதலெழுத்தைத் தாங்கித் தொலைநாடுகளுக்குச் சென்றன.

அக்குன்றுகளுக்கு உரிய திராட்சையின் பெயர் மூர்வேத்ர். ஸ்பெயின் நாட்டில் அதனை மொனாஸ்த்ரெல் என்பர். அது துறவு மடத்தைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்ததாகக் கருதுவோர் உண்டு. மூர்வேத்ர் என்பதோ வலென்சியாவுக்கு அருகிலுள்ள முர்வியெத்ரோ என்ற ஊரின் பெயரால் வந்தது என்பர். அவ்வூர்ப் பெயரின் பொருள் 'பழைய மதில்கள்'. தடித்த தோலும் கருநிறமும் கொண்ட இத்திராட்சை மிகத் தாமதமாகவே கனியும், விளைச்சலும் குறைவு. தலை வெயிலிலும் கால் நீரிலும் இருக்கவேண்டிய கொடி என்று பிரொவான்சு உழவர் இதனைச் சொல்வதுண்டு. பகலெல்லாம் வெயில், மாலையில் கடற்காற்று, ஈரத்தை உலர்த்திப் பூசணத்தை விரட்டும் மிஸ்திரால் என்ற வடகாற்று ஆகிய மூன்றும் அங்கே ஒருங்கே அமைந்துள்ளன.

நம் கம்பம் பள்ளத்தாக்கில், 1832-இல் பிரெஞ்சுக் குருவானவர் ஒருவர் கொணர்ந்ததாகக் கூறப்படும் பன்னீர் திராட்சை பந்தலில் படர்கிறது. பாந்தோலில் பந்தல் இல்லை. கொடியைக் குட்டையாக வெட்டி, கைகள் மேல்நோக்கி விரிந்த கிண்ணம்போல் வளர்க்கின்றனர். சரிவில் மண் அரித்துப் போகாதபடி, சுண்ணமோ சாந்தோ இன்றி, கல்மேல் கல் அடுக்கிய சுவர்களால் படிப்படியாக நிலத்தைத் தாங்கியிருக்கின்றனர். பெருமழையில் சுவர் சரிந்தால், அதே கற்களைக் கொண்டு மீண்டும் அடுக்க வேண்டும். செழுமையான குன்றில் அன்பர் ஒருவர் கற்களை அகற்றித் தோட்டம் அமைத்ததை இறைவாக்கினர் எசாயா பாடுகிறார். அப்பகுதியை நாம் எத்தனையோ முறை வாசித்து மறையுரை ஆற்றியிருக்கிறோம். 'கற்களை அகற்றினார்' என்பதை வாசிக்க ஒரு நொடி போதும். செய்து முடிக்கத் தலைமுறைகள் ஆகும் என்பது நமக்கு அப்போது தோன்றவில்லை.

19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பேரழிவு வந்தது. அமெரிக்கக் கொடிகளோடு வந்திறங்கிய ஃபில்லோக்செரா என்ற நுண்பூச்சி, வேர்களை உறிஞ்சிப் பிரான்சின் தோட்டங்களைப் பட்டுப்போகச் செய்தது. மோன்பெலியே நகர அறிஞர் பிளான்ஷோனும் அவருடைய குழுவினரும் 1868-இல் வேரைத் தோண்டிப் பார்த்துத்தான் பகைவனைக் கண்டறிந்தனர். பூச்சியைத் தாங்கும் அமெரிக்க வேரில் உள்நாட்டுக் கொடியை ஒட்டுவதே மருந்தாயிற்று. உரோமையருக்கு எழுதிய மடலில் பவுலடியார் காட்டு ஒலிவக் கிளையை நல்ல ஒலிவ மரத்தில் ஒட்டுகிறார். இங்கோ, காட்டு வேர் நல்ல கொடியைக் காப்பாற்றியது!

ஆனால் மூர்வேத்ர் ஒட்டுக்கு எளிதில் இணங்கவில்லை. வறுமையுற்ற உழவர்கள் விரைந்து மிகுதியாகக் காய்க்கும் வகைகளை நட்டனர். அவர்களை நாம் குறைகூற இயலாது. பிள்ளைகளின் பசி தாமதமாகக் கனியும் கொடிக்காகக் காத்திராது. பாந்தோல் என்ற பெயர் நிலைத்தது. பெயருக்குரிய சுவை போயிற்று.

1936-இல் லூசியன் பெய்ரோ என்ற இளைஞர், கஸ்தெலே ஊரையடுத்த தாம்பியே தோட்டத்துக் குடும்பத்தின் மகள் லூசியை மணந்தார். மாமனார் அவருக்குப் பூச்சிக்கு முற்பட்ட காலத்துப் பழைய புட்டி ஒன்றைத் திறந்து கொடுத்தாராம். தம் குன்று எதனை ஈன வல்லது என்று அந்த ஒரு கிண்ணத்தில் அறிந்துகொண்டதாகக் குடும்பத்தார் சொல்லிவந்தனர். 1940-இல் தோட்டத்தில் குடியேறிய தம்பதியர் மூர்வேத்ரை மீண்டும் நடத் தொடங்கினர்.

தம் நிலத்தோடு அவர் நின்றிருந்தால் இதனை எழுத நமக்கு ஆவல் பிறந்திராது. அக்கம்பக்கத்து உழவர்களோடு சேர்ந்து, எல்லாரையும் கட்டுப்படுத்தும் விதிகளுக்காக அவர் உழைத்தார். நாடு போரில் தோற்றுத் துவண்டிருந்த 1941 நவம்பர் 11 அன்று பாந்தோல் இரசத்துக்குச் சட்டப் பாதுகாப்பு கிடைத்தது. சிவப்பு இரசத்தில் மூர்வேத்ரின் கட்டாயப் பங்கு சிறிதாகத் தொடங்கிப் படிப்படியாக உயர்ந்து, பின்னர் பாதியாயிற்று. உழவர் புதிய கொடிகளை நட்டு வளர்க்க அவகாசம் தந்தது இவ்வேற்பாடு. ஒரு ஹெக்டேருக்கு 4,000 லிட்டர் என்ற அளவில் விளைச்சலுக்கும் வரம்பு வைத்தனர். மிகுதியாகக் காய்க்கும் கொடியைத் தாமே மறுத்து, இழப்பை ஒருமித்து ஏற்ற உழவர்களை நாம் வேறெங்கும் அதிகம் கேள்விப்பட்டதில்லை. இவ்விரசத்தின் விலை இன்று எளியோர்க்கு எட்டாத உயரத்தில் இருப்பதும் உண்மையே. அந்தக் கட்டுப்பாட்டின் பயனில் வணிகமும் பங்குகொண்டது.

லூசியன் 1996-இல் மறைந்தார். ஏழு பிள்ளைகளைப் பெற்று வளர்த்த லூசி, 2020-இல் தம் 102-ஆம் வயதில் இறந்தார். சிவப்பு இரசம் மரப் பீப்பாயில் 18 மாதமேனும் உறங்கிய பின்னரே அங்கே விற்பனைக்கு வரும். நல்லதொரு புட்டி நிலவறையில் இன்னும் பத்தாண்டு காத்திருப்பதும் உண்டு. அறுவடைக்கு இயந்திரத்தை விதி அனுமதிப்பதில்லை. செப்டம்பர் மாதத்தில் ஆள்கள் கத்தரியும் கையுமாகப் படிப்படியாக ஏறிக் குலைகளைக் கொய்கின்றனர்.