துணிப் பாவையும் நடிப்பு நோயாளியும்

மருத்துவம் கற்பவர் செய்யும் முதல் பிழையை எந்த உடல் தாங்குவது என்ற கேள்வி, மருத்துவக் கல்வி தோன்றிய நாளிலிருந்து அதனைத் தொடர்ந்து வருகிறது. உண்மையான நோயாளியைத் தொடுவதற்கு முன், அவரைப் போலச் செய்துவைத்த பொருளிலோ, அவரைப் போல நடிக்கும் மனிதரிடத்திலோ பழகிக்கொள்ளும் பாவனைப் பயிற்சி இன்று கணினி யுகத்தின் கொடையாகப் பேசப்படுகிறது. ஆனால் அதன் வரலாறு மிகப் பழையது, சீராக வளர்ந்து வந்ததும் அன்று. ஓரிடத்தில் செழித்து, பின்னர் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக் காலம் ஒதுக்கி வைக்கப்பட்டு, மறுபடியும் புதிதுபோலக் கண்டெடுக்கப்பட்ட முறை அது.

பொது ஊழியின் தொடக்க நூற்றாண்டுகளை ஒட்டி இன்றைய வடிவம் பெற்றதாகக் கருதப்படும் சுசுருத சம்கிதை, அறுவை மருத்துவம் பயிலும் மாணவன் எல்லா நூல்களையும் கற்றிருந்தாலும் கைப்பழக்கம் இல்லையேல் தொழிலுக்குத் தகுதியற்றவன் என்று கருதி, 'யோக்யா' எனப்படும் செய்முறைப் பயிற்சிக்கென்றே ஓர் அத்தியாயத்தை ஒதுக்குகிறது. கீறிப் பழகச் சுரைக்காயும் வெள்ளரியும், உள்ளிருப்பதைப் பிடுங்கிப் பழகப் பலாவும் வில்வமும், நாளத்தைத் திறந்து பழக இறந்த விலங்கின் இரத்தக் குழாயும் ஆம்பல் தண்டும், சுரண்டிப் பழக மயிர் நீங்காத தோலும், தையலிட்டுப் பழகத் துணியின் விளிம்பும் மென்தோலும் அதில் விதிக்கப்படுகின்றன. கட்டுப்போடும் பயிற்சிக்கு மட்டும் முழு மனித உருவில் செய்த பாவை ஒன்று வேண்டும் என்கிறது நூல். அந்தப் பாவையைத் தவிர, இவற்றில் எதுவும் முழு நோயாளியைப் போலச் செய்ய முயலவில்லை என்பது கவனிக்கத்தக்கது. ஒவ்வொரு செயலுக்கும் கைக்கு எட்டும் எதிர்ப்பு எத்தகையது என்று பார்த்து, அந்த ஒன்றை மட்டும் தரும் பொருள் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறது. விலையுயர்ந்த பொறிகளை வாங்கிப் பூட்டி வைக்கும் பிற்காலப் பயிற்சிக்கூடங்கள் பலவற்றைவிட இந்தச் சிக்கனத்தில் தெளிவு கூடுதல் என்றே சொல்ல வேண்டும்.

சீனத்தில் 1027ஆம் ஆண்டில், வாங் வெய்யி என்னும் அரண்மனை மருத்துவரின் மேற்பார்வையில், ஊசி மருத்துவம் கற்பிப்பதற்காக மனித அளவிலான இரு வெண்கல உருவங்கள் வார்க்கப்பட்டன. ஊசி குத்த வேண்டிய புள்ளிகளில் துளைகளிட்டு, மேலே மெழுகு பூசி, உள்ளே நீரை நிரப்பித் தேர்வு நடத்தப்பட்டதாகவும், மாணவனின் ஊசி சரியான இடத்தில் இறங்கினால் நீர் கசிந்ததாகவும் குறிப்புகள் உள்ளன.

ஐரோப்பாவில் இம்முறை உச்சத்தை எட்டியது பதினெட்டாம் நூற்றாண்டில், அதுவும் பிரசவ மருத்துவத்தில். பிரசவம் கண்ணால் பார்த்துக் கற்க முடியாதது. கருப்பையினுள் குழந்தை எப்படிக் கிடக்கிறது என்பதை விரல் நுனியால்தான் அறிய வேண்டும். இலண்டனில் வில்லியம் ஸ்மெல்லி, உண்மையான எலும்புகளின் மேல் தோலைப் போர்த்திச் செய்த பொறியில் மாணவர்களைப் பழக்கினார். பொலோன்யாவில் ஜொவான்னி அந்தோனியோ கல்லி, கண்ணாடிக் கருப்பை பொருத்திய பொறியில் மாணவர்கள் கண்ணைக் கட்டிக்கொண்டு பிரசவம் பார்க்கும்படி செய்தார். ஸ்மெல்லியின் பள்ளியில் பொறியோடு பாடம் முடிந்துவிடவில்லை. மாணவர்கள் உடனிருக்க இசைந்த ஏழைப் பெண்களுக்கு அவர் கட்டணமின்றிப் பிரசவம் பார்த்தார். இந்த ஏற்பாடு பின்னாளில் பாவைகளின் விதியையே தீர்மானித்தது.

இவர்கள் எல்லாரையும்விடப் பரந்த அளவில் பாவையைப் பயன்படுத்தியவர் பாரிசில் 1740இல் உரிமம் பெற்ற மருத்துவச்சி ஆஞ்செலிக் து கூத்ரே. மக்கள்தொகை குறைந்து வருகிறது என்ற அச்சம் பிரெஞ்சு அரசைப் பிடித்திருந்த வேளையில், பதினைந்தாம் லூயி 1759இல் அவருக்கு நாடெங்கும் சென்று சிற்றூர்ப் பெண்களுக்குப் பிரசவக் கலை கற்பிக்கும் ஆணையை வழங்கினார். அடுத்த சுமார் கால் நூற்றாண்டில் அவரிடம் நேரடியாகப் பயின்றோர் ஏறத்தாழ 5,000 பேர் எனக் கணக்கிடப்படுகிறது. அவர்களுள் மிகப் பெரும்பாலோர் எழுத்தறியாதவர்கள். ஆகவே அவர் எழுதிய பாடநூலைவிட, அவரே வடிவமைத்துத் தைத்த பொறிதான் உண்மையில் பாடம் நடத்தியது.

துணி, தோல், பஞ்சு ஆகியவற்றால் ஆன இந்தப் பொறி, ஒரு பெண்ணின் இடுப்பிலிருந்து தொடை வரையிலான உடற்பகுதி. தொடக்க காலப் பொறிகளினுள் உண்மையான இடுப்பெலும்பே வைத்துத் தைக்கப்பட்டிருந்தது. உரிய நேரத்தில் பனிக்குட நீரும் இரத்தமும் வெளிப்படுவதைக் காட்ட, நிறமேற்றிய திரவத்தில் தோய்த்த பஞ்சுகள் அமைக்கப்பட்டன. குழந்தைப் பாவையின் வாய், விரலை உள்ளே விட இடம் தந்தது, ஏனெனில் கால் முதலில் வரும் பிரசவத்தில் தலையை வெளிக்கொணர வாய்க்குள் விரலிட்டு முகத்தைத் தாழ்த்த வேண்டியிருந்தது. இரட்டைக் குழந்தைகள் தனியே இருந்தன. உயிருள்ள குழந்தையின் கொடி தடித்தும் இறந்த குழந்தையின் கொடி தளர்ந்தும் இருக்கும் வேறுபாட்டை விரல் உணர, இருவகைத் தொப்புள்கொடிகள் செய்யப்பட்டிருந்தன. மாணவிகள் குழந்தையை எல்லாக் கிடைநிலைகளிலும் வைத்து வைத்து எடுத்துப் பழகினர், ஆசிரியை அருகில் நின்று திருத்தினார், தவறு எத்தனை முறை நேர்ந்தாலும் எந்தத் தாயும் வருந்தவில்லை. அவர் ஓர் ஊரை விட்டுப் புறப்படும்போது, அங்குள்ள அறுவை மருத்துவர் தொடர்ந்து கற்பிப்பதற்காகப் பொறியொன்றை வாங்கி வைக்குமாறு நிர்வாகத்தினரை வற்புறுத்தினார். அவ்வாறு பரவியவற்றுள் ஒன்று ரூவான் நகர அருங்காட்சியகத்தில் இன்றும் இருக்கிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இத்தகைய பொறிகள் மெல்ல மெல்லப் பின்னுக்குப் போயின. அவை பயனற்றவை என்று எவரும் மெய்ப்பித்ததால் அன்று. பெருநகர்களில் பொது மருத்துவமனைகள் பெருகி, கட்டணம் செலுத்த இயலாத நோயாளிகள் அவற்றை நிறைத்ததால், கற்பதற்கான உடல்கள் தட்டுப்பாடின்றிக் கிடைத்தன. படுக்கையருகே கற்பித்தல் என்னும் உயர்ந்த கொள்கைக்குப் பின்னால் இந்த எளிய பொருளியலும் இருந்தது. மருத்துவ வரலாறுகள் அதை அவ்வளவு விரும்பிப் பேசுவதில்லை.

இருபதாம் நூற்றாண்டின் நடுவில் பாவை திரும்பி வந்தபோது, அதைச் செய்தவர் பொம்மை உற்பத்தியாளர் ஒருவர். வாயோடு வாய் வைத்து மூச்சூட்டும் உயிர்காப்பு முறையை மனிதர் மீது பழகுவது கடினமாக இருந்ததால், மென்பிளாஸ்டிக் பொம்மைகள் செய்துவந்த நார்வேயின் ஆஸ்முண்ட் லேர்டால், மருத்துவர்களின் வேண்டுகோளுக்கிணங்கி 1960இல் 'ரெசூசி ஆன்' என்ற பயிற்சிப் பாவையை வெளியிட்டார். மார்பை அழுத்திப் பழகுவதற்கான விற்சுருள் அதன் நெஞ்சினுள் அமைந்தது. தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் 1960களின் பிற்பகுதியில் உருவான 'சிம் ஒன்', கணினியால் இயங்கி, கண் சிமிட்டி, மூச்சு விட்டு, செலுத்திய மருந்துக்கேற்ப மாறியது. ஆயினும் அதன் செலவு காரணமாக இரண்டாவது ஒன்று செய்யப்படவேயில்லை.

பாவை எவ்வளவு நுட்பமாயினும் அதனால் பேச முடியாது. அதே பல்கலைக்கழகத்தின் நரம்பியல் மருத்துவர் ஹோவர்ட் பேரோஸ் 1963இல் தேர்ந்த வழி, பார்வைக்கு மிக எளியது: ஓவியர்களுக்கு உருவ மாதிரியாக இருந்த, உடல்நலமுள்ள பெண்ணொருவரை, இரு கால்களும் செயலிழந்த நோயாளியாக நடிக்கப் பழக்கினார். மாணவர் அவரிடம் நோய் வரலாறு கேட்டு, உடலைச் சோதித்துச் சென்றபின், அவர் மாணவரைப் பற்றிய மதிப்பீட்டைப் படிவத்தில் குறித்தார். மருத்துவக் கல்வியில் அதுவரை நோயாளிக்குக் கிட்டாதிருந்த ஓர் அதிகாரம், நோயில்லாத நடிகைக்கு முதலில் கிட்டியது என்பது இதன் வினோதம். நாளிதழ்கள் இதை ஹாலிவுட் வேடிக்கை என்று ஏளனம் செய்தன. உடன் பணிபுரிந்தோர் பலரும் மருத்துவத்தின் மதிப்புக்கு இழுக்கு என்று கருதினர்.

நடிப்பு நோயாளி நிலைத்ததற்குக் காரணம் கற்பித்தலைவிடத் தேர்வுதான். உண்மை நோயாளி களைத்துவிடுவார், ஒவ்வொரு தேர்வரிடமும் வெவ்வேறாகப் பேசுவார், பிடிக்காதவரிடம் அறிகுறியை மாற்றியும் சொல்வார். பயிற்சி பெற்ற நடிகர் அதே வலியை அதே சொற்களில் இருபது முறை சொல்வார். ஸ்காட்லாந்தின் டண்டியில் ரொனால்ட் ஹார்டன் 1975இல் வெளியிட்ட கட்டமைப்புத் தேர்வு முறை, தேர்வர்கள் மணியடித்ததும் ஒரு நிலையத்திலிருந்து அடுத்த நிலையத்துக்குச் சென்று ஒவ்வொன்றிலும் ஒரு செயலைச் செய்துகாட்டுவதாக அமைந்து, இத்தகைய நடிப்பு நோயாளிகளுக்கு உலகெங்கும் வேலை தந்தது. அமெரிக்க மருத்துவ உரிமத் தேர்வில் 2004 முதல் நடிப்பு நோயாளிகளைச் சோதித்துக்காட்டும் பகுதி கட்டாயமாயிற்று. அந்நாட்டில் பணிபுரிய விரும்பிய இந்திய மருத்துவர்கள், தமிழர்கள் உட்பட, அதற்கென்றே அமெரிக்காவின் ஐந்து நகரங்களுள் ஒன்றுக்குப் பறந்து சென்று, தங்கள் ஆங்கில உச்சரிப்பையும் கனிவையும் நடிகர்களிடம் மெய்ப்பிக்க வேண்டியிருந்தது. பெருந்தொற்றால் 2020இல் இடைநின்ற அப்பகுதி, 2021 ஜனவரியில் முற்றிலும் கைவிடப்பட்டது. அதற்குள், 2019இல் இந்திய மருத்துவக் கல்லூரிகளில் நடைமுறைக்கு வந்த புதிய பாடத்திட்டம், பாவைகள் நிறைந்த திறன் பயிற்சிக்கூடத்தையும், நோயாளியிடம் பேசும் முறை குறித்த தனிப் பாடப் பகுதியையும் முதலாண்டிலிருந்தே கட்டாயமாக்கியிருந்தது.