பலி, சாவு, உயிரிழப்பு: செய்தியின் குரலும் கேட்பவரும்

ஒரு செய்தியின் தொனி அதன் கருத்தில் மட்டுமே இருப்பதாக நாம் எண்ணுகிறோம். தமிழில் அது வினைமுற்றின் ஈற்றிலேயே தொடங்கிவிடுகிறது. 'வந்தான்' என்றாலும் 'வந்தார்' என்றாலும் நிகழ்ந்த செயல் ஒன்றே. எழுதுபவர் அந்த மனிதரை எங்கே நிறுத்துகிறார் என்பதுதான் மாறுகிறது. ஒருவரைப் பன்மையால் சுட்டுவது வழக்கில் உயர்த்துச் சொல்வதேயன்றி இலக்கண நெறியன்று எனத் தொல்காப்பியக் கிளவியாக்கம் வகுத்தது. மங்கலமல்லாததை மங்கலச் சொல்லால் கூறுவதை நன்னூல் தகுதி வழக்கில் சேர்த்தது. செத்தாரைத் துஞ்சினார் என்பது அதற்கு நாம் வகுப்பறையில் சொல்லிவரும் எடுத்துக்காட்டு. இவ்விரண்டு வழக்குகளும் அச்சுக்கு வந்தபோது, யாருக்காக எழுதுகிறோம் என்ற கேள்வியும் உடன் வந்தது.

ஆங்கிலம் கற்றோருக்கென 1878-இல் 'தி இந்து' இதழை நண்பர்களுடன் தொடங்கிய ஜி. சுப்பிரமணிய ஐயர், 1882-இல் 'சுதேசமித்திர'னைத் தொடங்கினார். பாரதி 1904-இல் அங்கே உதவியாசிரியரானார். 1934-இல் 'தினமணி' வந்தது. இவை பெரும்பாலும் தனியே அமர்ந்து படிக்கக்கூடிய, அரசியல் நாட்டமுள்ள வாசகரை எண்ணி எழுதப்பட்டவை. 1942-இல் மதுரையில் சி. பா. ஆதித்தனார் தொடங்கிய 'தந்தி' வேறொருவரை எண்ணியது. ஒருவர் உரக்கப் படிக்க நால்வர் கேட்கும் தேநீர்க்கடையும் முடிதிருத்தகமும் அதன் களங்களாயின. சிறு வாக்கியம், பேச்சில் புழங்கும் சொல், பெரிய எழுத்துத் தலைப்பு ஆகியவை செவிக்காக அமைந்தவை. செட்டியார்பட்டி போன்ற ஊர்களில் எழுத்தறியாதவரும் செய்தி அறிந்தவரானது இவ்வழியில்தான்.

ஆயினும் எல்லோருக்குமான மொழி எல்லோரையும் ஒன்றாக நடத்தவில்லை. குற்றம் சாட்டப்பட்டவர் 'ஆன்' ஈறும், அவரைப் பிடித்த அதிகாரி 'ஆர்' ஈறும் பெறுவது நெடுங்காலம் இயல்பாக இருந்தது. வழக்கு முடியுமுன்பே வினைமுற்று தீர்ப்பெழுதிவிட்டது. செல்வர் 'காலமானார்', கூலியாள் 'செத்தான்' அல்லது 'பலியானான்'. இன்றைய செய்திகளில் 'ஆர்' ஈறு பெரும்பாலும் பொதுவாகிவிட்டது. இம்மாற்றத்தை நாம் சிறிதென எண்ணலாகாது.

ஆனால் 'பலி' மறையவில்லை. நம் விருதுநகர் மாவட்டத்தில் அச்சொல்லுக்குத் தனிக்கனம் உண்டு. 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் நிகழ்ந்த பட்டாசு ஆலை வெடிவிபத்தில் 30-க்கும் மேற்பட்டோரும், 2021 பிப்ரவரி 12 அன்று சாத்தூர் அருகே அச்சங்குளத்தில் 20-க்கும் மேற்பட்டோரும் உயிரிழந்தனர். தலைப்பின் அகலத்துக்குள் அடங்க 'பலி' என்ற ஈரெழுத்துச் சொல் வசதியானது. ஆனால் பலி என்பது படைக்கப்படுவது. படைத்தவர் யார் என்ற கேள்வி அச்சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. 'விபத்து' என்னும் சொல்லோ அக்கேள்வியை மூடிவிடுகிறது. இரண்டையும் ஒரே தலைப்பில் அருகருகே வைத்து நாம் பழகிவிட்டோம்.

இணையச் செய்தியில் இன்னொரு மாற்றம் நேர்ந்தது. அச்சிதழில் மறுநாள் காலை ஒருமுறை வந்த எண், இப்போது மணிக்கு மணி மாறுகிறது. 'பலி எண்ணிக்கை உயர்வு' என்கிறோம். தங்கத்தின் விலைக்கும் அணையின் நீர்மட்டத்துக்கும் வழங்கும் அதே 'உயர்வு'. தொலைவிலிருந்து படிப்பவருக்கு அது ஓர் எண். ஆலைக்குப் போனவர் இன்னும் திரும்பாத வீட்டில், கைபேசியை வைத்துக்கொண்டிருப்பவருக்கு அது பெயர்ப்பட்டியலுக்கு முந்திய வேதனை. தேநீர்க்கடையில் அருகிலிருப்பவர் முகம் பார்த்துக் குரலைத் தாழ்த்தப் படிப்பவருக்கு இயன்றது. திரைக்கு அது இயலாது. போதாக்குறைக்கு, செய்தியைச் சொல்லாமல் மறைத்து 'நடந்தது என்ன?' என்று ஆவலைத் தூண்டும் தலைப்புகள் வேறு. செவிக்காக எழுதப்பட்ட தலைப்பு செய்தியைச் சொன்னது. விரலுக்காக எழுதப்படும் தலைப்பு அதை ஒளித்துவைக்கிறது.

எளிமையை நாம் குறைசொல்லவில்லை. 'சாவு' என்ற நேர்ச்சொல்லில் பொய்யில்லை. 'உயிரிழப்பு' என்பதில் இழப்பேனும் இருக்கிறது. ஒரு செய்தியின் தொனியை அளக்க நாம் பரிந்துரைக்கும் அளவுகோல் ஒன்றே: இறந்தவரின் வீட்டார் முன் அத்தலைப்பை உரக்கப் படிக்க முடியுமா? முடியாதெனில், அவர்களை வாசகராக எண்ணாமல் எழுதப்பட்ட செய்தி அது.