ஃபோர்டு காரின் கியர் பெட்டியும் தோட்டத்து ரப்பரும்



1985ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் பினாங்குப் பாலம் திறக்கப்பட்டது. அதற்கு முன், பெருநிலத்திலிருந்து பினாங்குத் தீவுக்கு மோட்டார் வண்டியில் போக ஒரே வழிதான் இருந்தது. பட்டர்வொர்த் துறைக்கு வந்து, வண்டியை ஃபெரியில் ஏற்றிக் கடலைக் கடக்க வேண்டும். வரிசையில் நிற்கும் வண்டி ஓரடி நகரும், நிற்கும், மறுபடி ஓரடி நகரும். ஓட்டுநரின் கால் கிளட்சிலும் கை கியரிலும் ஓயாமல் வேலை செய்துகொண்டே இருக்கும். ஒரு வண்டியின் கியர் பெட்டி நல்லதா, கெட்டதா என்பது அந்த வரிசையிலேயே தெரிந்துவிடும்.

அந்தக் கியர் பெட்டியின் வரலாற்றைத்தான் இன்று சொல்லப் போகிறேன். பழைய அமெரிக்கக் கார்களில் அது எப்படி வேலை செய்தது? அதை எப்படிப் பேணினார்கள், எப்படிப் பழுது பார்த்தார்கள்? "தோட்டத்து மக்களாகிய நமக்கும் அமெரிக்கக் காருக்கும் என்ன உறவு?" என்று சிலர் கேட்கலாம். உறவு உண்டு. அந்தக் கார்கள் உருண்டு ஓடியது நம் முன்னோர்கள் சீவிய பாலின் மேல்தான்.

முதலில், கியர் எதற்கு என்று பார்ப்போம். மோட்டார் இயந்திரம் வேகமாகச் சுழன்றால்தான் வலுவைத் தரும். நிற்கும் வண்டியைக் கிளப்பவும் மேட்டில் ஏற்றவும் வலு வேண்டும். ஆனால் அப்போது சக்கரம் மெதுவாகத்தான் சுழல வேண்டும். சிறிய பல்சக்கரம் பெரிய பல்சக்கரத்தைச் சுற்றினால் வேகம் குறையும், வலு கூடும். இந்த மாற்றத்தைச் செய்வதே கியர் பெட்டியின் வேலை.

1908ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் அமெரிக்காவில் ஹென்றி ஃபோர்டு என்பவர் டி-மாடல் காரை விற்பனைக்குக் கொண்டு வந்தார். 1927 வரை ஏறக்குறைய 15 மில்லியன் கார்கள், அதாவது ஒன்றரைக் கோடி கார்கள் செய்யப்பட்டன. முதலில் 850 அமெரிக்க டாலராக இருந்த விலை, 1925இல் மிக மலிவான வகைக்கு 260 டாலராக இறங்கியது. மலாயா போன்ற பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிகளுக்கு வேண்டிய கார்களைக் கனடாவில் இருந்த ஃபோர்டு கம்பெனி அனுப்பியது. 1926இல் மலாயா ஃபோர்டு கம்பெனி சிங்கப்பூரில் தொடங்கப்பட்டது. அந்த நகரத்தில் டி-மாடல் கார்களை ஏழு பேர் உட்காரும் சிறு பஸ்களாக மாற்றி ஓட்டினார்கள். நினைத்த இடத்தில் புகுந்து நினைத்த இடத்தில் நின்றதால் மக்கள் அவற்றைக் 'கொசு பஸ்' என்றே அழைத்தார்கள்.

இந்தக் காரின் கியர் பெட்டி விசித்திரமானது. இதில் கையால் மாற்றும் கியர் கம்பி கிடையாது. காலடியில் மூன்று மிதிகள் உண்டு. இடப்பக்க மிதியை முழுவதும் அழுத்தினால் வண்டி மெதுவான கியரில் போகும். பாதி அழுத்தினால் கியர் விழாமல் நிற்கும். பக்கத்தில் உள்ள நெம்புகோலை முன்னால் தள்ளிவிட்டு மிதியை முழுவதும் விட்டால் வேகமான கியர். நடு மிதி வண்டியைப் பின்னோக்கிச் செலுத்தும். வலப்பக்க மிதி பிரேக். வேகத்தைக் கூட்டுவதற்கோ காலில் ஒன்றும் இல்லை. ஸ்டீயரிங்குக்குக் கீழே ஒரு சிறு கைப்பிடி இருந்தது.

பெட்டிக்குள்ளே நடுவில் பல்சக்கரங்கள் இருக்கும். சூரியனைக் கிரகங்கள் சுற்றுவதுபோல அவற்றைச் சுற்றி மூன்று பல்சக்கரத் தொகுதிகள் ஓடும். அவற்றோடு மூன்று டிரம்கள் உண்டு. ஒவ்வொரு டிரம்மையும் சுற்றி ஓர் எஃகுப் பட்டை. பட்டையின் உட்புறத்தில் தடித்த பருத்தி நாடா. மிதியை அழுத்தினால் பட்டை இறுகி டிரம்மைப் பிடித்துக்கொள்ளும், கியர் மாறும். பற்கள் எப்போதும் ஒன்றோடொன்று கோத்தே இருப்பதால் 'கரகர' என்ற சத்தமும் இல்லை, பல் உடையும் அச்சமும் குறைவு. மாட்டு வண்டி ஓட்டியவனும் சில நாளில் இதை ஓட்டப் பழகிவிடலாம்.

ஆனால் தேய்மானம் முழுவதும் அந்தப் பருத்தி நாடாவின் தலையில் விழுந்தது. நாடா தேய்ந்து பட்டை தளர்ந்தால், மிதியை எவ்வளவு அழுத்தினாலும் வண்டி வழுக்கும். இதற்கு மருந்து பட்டையை இறுக்குவது. மெதுவான கியரின் பட்டைக்கு, பெட்டி மூடியின் வலப்பக்கம் வெளியிலேயே ஒரு திருகு இருந்தது. மற்ற இரண்டுக்கும் மேல்மூடியைக் கழற்றி உள்ளே கைவிட வேண்டும். அப்போது ஒரு நட்டுத் தவறிப் பெட்டிக்குள் விழுந்துவிட்டால் வேலை முழுவதும் கெட்டது. ஆகவே அனுபவசாலிகள் முதலில் கந்தல் துணியால் உள்ளே அடைத்துவிட்டுத்தான் கை வைப்பார்கள். அளவுக்கு மீறி இறுக்கவும் கூடாது. அப்படிச் செய்தால், மிதியை விட்ட பிறகும் பட்டை டிரம்மை உரசிக்கொண்டே இருக்கும், வண்டி கனக்கும், நாடா கருகும். நாடாவிலிருந்து உதிரும் பஞ்சு எண்ணெய்க் குழாயை அடைத்துக்கொள்ளும். எஞ்சினுக்கும் கியருக்கும் ஒரே எண்ணெய்தான் என்பதால், குழாய் அடைத்தால் இரண்டுக்குமே கேடு.

பெட்ரோல் தாங்கியிலிருந்து எண்ணெய் தானாகவே இறங்கி வரும்படி அமைந்த வண்டி இது, பம்பு கிடையாது. செங்குத்தான மேட்டில் முன்புறம் உயர்ந்தால் எஞ்சினுக்குப் பெட்ரோல் எட்டாது. அதனால் பல ஓட்டுநர்கள் வண்டியைத் திருப்பிப் பின்னோக்கியே மேடு ஏறினார்கள்! பின் கியருக்கு வலுவும் அதிகம்.

இனி நம் கதைக்கு வருவோம். காருக்கு டயர் வேண்டும். டயருக்கு ரப்பர் வேண்டும். 1876இல் ஹென்றி விக்கம் என்ற ஆங்கிலேயர் பிரேசில் நாட்டின் தபஜோஸ் ஆற்றுப் பகுதியிலிருந்து ரப்பர் விதைகளை லண்டனுக்குக் கொண்டு சென்றார். அவற்றில் முளைத்த கன்றுகள் 1877இல் சிங்கப்பூருக்கு வந்தன. கார் பெருகப் பெருக ரப்பரின் விலையும் ஏறியது. 1910இல் ஒரு ராத்தல் ரப்பர் லண்டனில் 12 ஷில்லிங்குக்கும் மேல் விற்றது. பட்டர்வொர்த்தைச் சூழ்ந்த செபராங் பிறை வட்டாரத்தில் அதற்கு முன்பே கரும்புத் தோட்டங்களில் தமிழர் உழைத்து வந்தனர். கரும்பு போன இடத்தில் ரப்பர் வந்தது. நாகப்பட்டினத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் கப்பலேறிப் பினாங்கில் இறங்கிய நம்மவர்கள், விடியுமுன் பெரட்டுக்கு நின்று, பால் வெட்டி, பால் சுமந்தார்கள்.

1914இல் ஃபோர்டு தம் தொழிலாளருக்கு, சில நிபந்தனைகளோடு, நாளொன்றுக்கு 5 டாலர் தருவதாக அறிவித்தார். மலாயாவின் முக்கியத் தோட்ட வட்டாரங்களில் 1928 அளவில் அரசாங்கம் வகுத்த கூலி, ஆணுக்கு 50 சென்ட், பெண்ணுக்கு 40 சென்ட். அன்றைய மாற்று விகிதத்தில் இந்த 50 சென்ட், அமெரிக்கக் காசில் 30 சென்டுக்கும் குறைவு. 260 டாலர் காருக்கு ஃபோர்டு தொழிலாளியின் 52 நாள் கூலி போதும். அதே விலைக்கு, கப்பல் செலவைச் சேர்க்காமலே, பால் வெட்டுகிற ஆணின் 900 நாள் கூலிக்கு மேல் வேண்டும். பெண்ணின் கூலியோ 1,100 நாளுக்கும் மேல். அதுவும் ஒரு பிடி அரிசி கூட வாங்காமல்! காரின் அடியில் கிடந்த நான்கு டயர்களும் யாருடைய வியர்வை என்பதை எண்ணிப் பாருங்கள்.

1922இல் பிரிட்டிஷார் ரப்பர் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு விதித்தார்கள். விலை ஏறுவதைப் பொறாத ஃபோர்டு, 1927இல் பிரேசிலில் அதே தபஜோஸ் ஆற்றங்கரையில் பெரும் நிலம் வாங்கிச் சொந்தத் தோட்டம் போட்டார். அதற்கு 'ஃபோர்டுலாண்டியா' என்று பெயர். மரங்களை நெருக்கமாக நட்டதால் இலைக் கருகல் நோய் பரவி அழித்தது. 1945இல் அந்த நிலம் பிரேசில் அரசுக்கே திரும்பியது. எஞ்சினையும் கியரையும் வென்ற மனிதரால் ஒரு மரத்தை வெல்ல முடியவில்லை. தோட்டத் தொழில் எளிய தொழில் என்று சொல்வோருக்கு இதுவே பதில்.

டி-மாடலுக்குப் பின் 1927 கடைசியில் வந்த ஏ-மாடலில் மூன்று கியர்கள் இருந்தன. கையால் தள்ளி மாற்ற வேண்டும். இதில்தான் 'கரகர' சத்தம் வந்தது. காரணம் என்ன? ஃபெரி துறைக்கு வந்து அணைவதைப் பாருங்கள். படகு நகரும்போது கரையில் கால் வைத்தால் விழுவோம். படகும் கரையும் ஒன்றுக்கொன்று நிலைத்த பிறகு கால் வைத்தால் தடுமாற்றமில்லை. பல்சக்கரங்களும் அப்படியே. இரண்டும் ஒரே வேகத்தில் சுழலும்போதுதான் ஒன்றில் ஒன்று புகும். அதற்காக ஓட்டுநர் ஒரு கியர் மாற்ற இரண்டு முறை கிளட்ச் மிதித்தார். 1928இல் அமெரிக்காவின் கெடிலாக் கார்களில் இதற்கு ஒரு வழி வந்தது. பற்கள் சேருமுன் கூம்பு வடிவப் பாகங்கள் உரசி, வேகத்தைச் சமமாக்கின. இதைச் சின்குரோமெஷ் என்பார்கள்.

1940 மாடல் ஓல்ட்ஸ்மொபீல் கார்களில் ஹைட்ராமாட்டிக் என்னும் தானியங்கிக் கியர் வந்தது. எதிரெதிரே வைத்த இரண்டு காற்றாடிகளில் ஒன்றைச் சுழற்றினால் அந்தக் காற்றில் மற்றதும் சுழலுமல்லவா? இங்கே காற்றுக்குப் பதில் எண்ணெய். 1950இல் செவர்லே காரில் பவர்கிளைடு என்னும் இரண்டு கியர் வகை வந்தது. இவற்றிலும், பழைய டி-மாடலில் போலவே, டிரம்மும் பட்டையும் சூரியன் கிரகம் போன்ற பல்சக்கரமும் உண்டு. மிதித்த காலுக்குப் பதிலாக எண்ணெயின் அழுத்தம் பட்டையை இறுக்கியது, அவ்வளவே மாற்றம். 1970களின் தொடக்கம் வரை இந்த எண்ணெயில் திமிங்கிலக் கொழுப்பு எண்ணெயும் கலக்கப்பட்டது.

இடையில் போர் வந்தது. 1942 பிப்ரவரி 15ஆம் நாள் பிரிட்டிஷ் படை ஜப்பானியரிடம் சரணடைந்தது எங்கே தெரியுமா? சிங்கப்பூரின் புக்கித் தீமா சாலையில், முந்திய ஆண்டுதான் திறந்த ஃபோர்டு தொழிற்சாலையில்! போருக்குப் பின் டாலர் தட்டுப்பாடு. மலாயாவின் ரப்பரும் ஈயமும் பிரிட்டனுக்கு டாலரைக் குவித்தன. ஆனால் மலாயாவில் அமெரிக்கக் கார் வாங்க டாலரை எளிதில் விடவில்லை. ஆகவே இருந்த பழைய அமெரிக்கக் கார்களைப் பேணிக் காப்பது அவசியமாயிற்று.

மெக்கானிக்கை மலாய்மொழியில் 'போமன்' என்பார்கள்; ஃபோர்மன் என்ற ஆங்கிலச் சொல் அப்படித் திரிந்தது. நல்ல போமன் முதலில் ஸ்பானரை எடுப்பதில்லை. கண்ணையும் மூக்கையும் காதையும்தான் பயன்படுத்துவார். கியர் எண்ணெய் பால் கலந்ததுபோல வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்துவிட்டது என்று பொருள். தானியங்கிக் கியர் எண்ணெய் கருத்துக் கருகல் நாற்றம் அடித்தால், உள்ளே பட்டையோ கிளட்ச் தட்டோ எரிகிறது. எண்ணெயில் பித்தளைத் துகள் மின்னினால் சின்குரோமெஷ் வளையம் தேய்கிறது. பழைய பெட்டிக்குப் புதிய எண்ணெய் எல்லாம் பொருந்தாது. சில புது எண்ணெய்களில் உள்ள கந்தக மருந்து பித்தளையை அரிக்கும். வண்டியை மாதக்கணக்கில் ஓட்டாமல் வைத்தாலும் எண்ணெய் கசிவைத் தடுக்கும் ரப்பர் சீல் காய்ந்து வெடிக்கும். ஆம், அங்கேயும் ரப்பர்தான்!

பால்மரத்தை ஆழமாக வெட்டினால் பட்டை காயப்படும்; மேலாக வெட்டினால் பால் வராது. கியர்ப் பட்டையை அதிகம் இறுக்கினால் கருகும். குறைத்து இறுக்கினால் வழுக்கும். இரண்டிலும் அளவு அறிந்த கைக்கே மதிப்பு. அந்த அளவு நம் குடும்பங்களில் தலைமுறை தலைமுறையாக வந்த அறிவு. உங்கள் பிள்ளை ஒரு பழைய இயந்திரத்தைக் கழற்றிப் பார்க்க ஆசைப்பட்டால், "கையெல்லாம் அழுக்கு" என்று அதட்டி அனுப்பிவிடாதீர்கள். கழற்றிய பாகங்களை ஒரு துணியில் வரிசையாக வைக்கச் சொல்லுங்கள். முறையாகக் கழற்றத் தெரிந்தவனுக்கே திரும்பப் பூட்டத் தெரியும். பூட்டத் தெரிந்தவனுக்கு எந்த ஊரிலும் சோறு உண்டு.