தோற்றது படச்சுருளா, ஸ்கேனரா?

மீடியம் ஃபார்மேட் படச்சுருளை டிஜிட்டல் கேமரா எப்போது முந்தியது என்று கேட்டால், வழக்கமாகக் கிடைக்கும் விடை இந்த நூற்றாண்டின் முதல் பத்தாண்டு என்பதே. 2002இல் 11 மெகாபிக்சல் சென்சாருடன் கேனன் 1டிஎஸ் வந்தபோதே, ஸ்கேன் செய்த 6×7 படத்துக்கு அது ஈடாகும் என்று எழுதிய விமர்சகர்கள் உண்டு. 2005இல் ஃபேஸ் ஒன் பி45 டிஜிட்டல் பேக் 39 மெகாபிக்சலை எட்டியது; 2008இல் பி65+ 60ஐத் தொட்டது. அதன்பின் விவாதம் முடிந்துவிட்டதாகவே பலர் கருதினர். இந்தக் காலவரிசையின் ஆண்டுகளில் பிழையில்லை. ஒப்பீட்டின் ஒரு தட்டில் எதை வைத்தார்கள் என்பதில்தான் பிழை. சென்சாருக்கு எதிரே அவர்கள் நிறுத்தியது படச்சுருளில் பதிந்திருந்த முழுப் படத்தையும் அன்று; அன்றைய ஸ்கேனரால் அதிலிருந்து எடுக்க முடிந்த பங்கை மட்டுமே. இந்த வேறுபாட்டைக் கணக்கில் கொண்டால் வரலாற்றை வேறுவிதமாக எழுத வேண்டியிருக்கும்.

கோடாக் 1901இல் அறிமுகப்படுத்திய 120 படச்சுருள்தான் பின்னாளில் ரோலைஃப்ளெக்ஸ், ஹாசல்பிளாட் ஆகிய கேமராக்களின் அடித்தளம். 6×6 என்று சொல்லப்படும் படத்தின் உண்மையான பக்கம் ஏறத்தாழ 56 மி.மீ.; பரப்பு 3136 சதுர மி.மீ. 35 மி.மீ. படச்சுருளின் 864ஐ விட இது மூன்றரை மடங்குக்கும் மேல். இந்த ஒரே நெகட்டிவை வெவ்வேறு ஸ்கேனர்களில் வைத்துக் கணக்கிட்டுப் பார்க்கலாம். 2001இல் வந்த நிக்கான் கூல்ஸ்கேன் 8000 அங்குலத்துக்கு 4000 புள்ளிகள் எடுத்தது. அதாவது ஏறத்தாழ 78 மெகாபிக்சல். ஃப்ளெக்ஸ்டைட் எக்ஸ்5 இந்த அளவுப் படத்துக்கு 3200 புள்ளிகளே தரும் என்பதால் தொகை 50 ஆகக் குறைகிறது. வீட்டு மேசைகளில் பரவிய தட்டை ஸ்கேனர்களின் பெட்டியில் 6400 என்று அச்சிட்டிருந்தாலும், அவை உண்மையில் பிரித்துக் காட்டிய நுணுக்கம் அதில் பாதியைக்கூட எட்டவில்லை. நெகட்டிவ் ஒன்றுதான், தீர்ப்பு மட்டும் கருவிக்குக் கருவி மாறுகிறது.

புள்ளிகள் கூடினால் விவரமும் கூடும் என்று எப்படிச் சொல்வது, ஓர் எல்லைக்குமேல் ஸ்கேனர் பதிவது வெறும் கிரெய்னைத்தானே என்று கேட்கலாம். நியாயமான மறுப்பு இது. மெகாபிக்சல் எண்ணை மட்டும் நம்பி விடை சொல்ல முடியாது. ஃபூஜியின் வெல்வியா 50 படச்சுருளுக்கான தகவல் தாள் இங்கே உதவுகிறது. ஒளி வேறுபாடு மிகக் குறைவாக உள்ள காட்சியிலும் அது மில்லிமீட்டருக்கு 80 கோட்டு இணைகளைப் பிரிக்கும். வேறுபாடு மிகுந்தால் 160. எண்பது இணைகளைப் பதிய குறைந்தது 160 புள்ளிகள் வேண்டும். கூல்ஸ்கேன் தந்தது மில்லிமீட்டருக்கு 157. அக்காலத்தின் மிகச் சிறந்த மேசை ஸ்கேனரே, தன் முழுத் திறனில் இயங்கினாலும், படச்சுருளின் கீழ் எல்லையைத்தான் தொட்டது. லென்ஸின் குறையும் கையின் நடுக்கமும் பல படங்களை இந்த எல்லைக்கு வெகு கீழே இறக்கிவிடும் என்பதை மறுக்கவில்லை. ஆனால் அந்தக் குறைகள் டிஜிட்டல் கேமராவுக்கும் உண்டு.

ஸ்கேனரின் எல்லை படச்சுருளின் எல்லை ஆகாது என்பதற்கு அப்பல்லோ பயணப் படங்களை வலுவான சான்றாகக் கொள்கிறேன். 1969இல் நிலவில் எடுத்த ஹாசல்பிளாட் படங்களின் மூலச்சுருள்கள் உறைகுளிரில் பாதுகாக்கப்பட்டதால், உலகம் பல பத்தாண்டுகள் பார்த்தவை பெரும்பாலும் படியின் படிகளே. 2007இல் நாசாவின் ஜான்சன் விண்வெளி மையமும் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகமும் மூலச்சுருள்களை வெளியே எடுத்து, நில அளவைப் பணிக்கென உருவான லைக்கா ஸ்கேனரில் மில்லிமீட்டருக்கு 200 புள்ளிகள் வீதம் ஸ்கேன் செய்யத் தொடங்கின. ஒரு படத்துக்குப் பத்துக் கோடிக்கும் மேற்பட்ட புள்ளிகள்! பதிவாகி நாற்பது ஆண்டுகள் நெருங்கும் வேளையில்தான் அந்தப் படங்களை இவ்வளவு நெருக்கமாகப் பார்க்க முடிந்தது. 2007இல் எடுத்த டிஜிட்டல் படத்துக்கு அத்தகைய இரண்டாம் வாசிப்பு இல்லை. சென்சார் பதிந்ததே அதன் எல்லை.

2005இல் விளம்பர ஒளிப்படக்காரருக்கு லைக்கா ஸ்கேனரா கிடைத்தது, கைக்கு எட்டியதை வைத்துத்தானே அவர் முடிவெடுத்தார் என்பது அடுத்த மறுப்பு. தொழில் வரலாறாகப் பார்த்தால் அதை முழுமையாக ஏற்கிறேன். வேகம், உடனே பார்க்கும் வசதி, நிறத்தின் சீர்மை ஆகியவற்றில் அவர் டிஜிட்டலைத் தேர்ந்தது சரியே. 2014இல் மீடியம் ஃபார்மேட்டுக்கு சிமாஸ் சென்சார் வந்தபின், குறைந்த ஒளியில் படச்சுருளுக்கு இடமே இல்லாமல் போனது. ஆனால் தொழில் மாறிய ஆண்டையே படச்சுருளின் நுணுக்கம் தோற்ற ஆண்டாகப் பதிவது இரண்டு வரலாறுகளைக் குழப்புவதாகும்.

படச்சுருளில் உள்ளதைப் படிக்கும் திறனை டிஜிட்டல் கேமரா எப்போது பெற்றது என்று கேட்டால் விடை பிந்துகிறது. எடுத்துக்காட்டாக, 2019இல் வந்த ஃபூஜிஃபிலிம் ஜிஎஃப்எக்ஸ் 100இன் சென்சாரில் குறுகிய பக்கத்தில் 8736 பிக்சல்கள். 56 மி.மீ. நெகட்டிவை மேக்ரோ லென்ஸால் அதில் அடக்கினால் மில்லிமீட்டருக்கு 156 புள்ளிகள் கிடைக்கும்: கூல்ஸ்கேன் பதினெட்டு ஆண்டுகளுக்கு முன் தொட்ட அதே இடம். அங்கும் ஒவ்வொரு பிக்சலும் ஒரு நிறத்தை மட்டுமே அளந்து மற்ற இரண்டையும் அக்கம்பக்கத்திலிருந்து ஊகிப்பதால், வண்ணச் சுருளின் நுணுக்கம் முழுவதும் வேண்டுவோர் இன்னும் நெகட்டிவைப் பகுதி பகுதியாகப் படமெடுத்து இணைக்கிறார்கள்.