சாவியும் கணக்கும் ஒரே கையில்: திருமலை நிர்வாகம் கற்பித்த பாடம்

ரேணிகுண்டாவிலிருந்து காளஹஸ்திக்குச் செல்லும் வழியில் உள்ள ஏர்பேட்டில் இன்று திருப்பதி ஐ.ஐ.டி.யின் வளாகம் நிற்கிறது. 2015இல் தொடங்கப்பட்ட இந்நிறுவனம், 1961ஆம் ஆண்டின் தொழில்நுட்பக் கழகங்கள் சட்டத்தின்கீழ் இயங்குகிறது. அச்சட்டப்படி ஆளுநர் குழுவின் தலைவர் ஒருவர். முதன்மை நிர்வாக அலுவலரான இயக்குநர் வேறொருவர். குழுவில் இயக்குநர் உறுப்பினரே அன்றித் தலைவர் அல்லர். நடத்துபவரும் நடத்துவதைக் கண்காணிப்பவரும் ஒருவராக இருத்தல் ஆகாது என்பதே இதன் உட்பொருள். இக்கொள்கையின் அருமையை உணர நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. அருகிலுள்ள திருமலையின் இருநூறாண்டு நிர்வாக வரலாறே போதும்.

1801இல் ஆர்க்காட்டு நவாபிடமிருந்து நாடு கும்பினியார் கைக்கு மாறியபோது, திருமலைக் கோயிலின் வருவாயும் உடன் மாறியது. வடஆர்க்காடு ஆட்சியர் கோயிலை நிர்வகித்தார். சென்னையிலிருந்த வருவாய் வாரியம் அவரை மேற்பார்த்தது. 1821இல் புரூஸ் விதிகள் என்னும் நிர்வாக ஒழுங்குமுறை வகுக்கப்பட்டது. நோக்கம் வருவாயே ஆயினும், செய்பவர் ஒருவர், கேட்பவர் மற்றொருவர் என்ற ஏற்பாடு அதில் இருந்தது.

கிறித்தவ அரசொன்று இந்துக் கோயிலை நடத்துவதா என்ற எதிர்ப்பு இங்கிலாந்தில் வலுத்தது. கும்பினி விலகிக்கொள்ள முடிவு செய்தது. 1843இல் ஹாதிராம்ஜி மடத்தின் மகந்து சேவாதாஸ் விசாரணைகர்த்தா ஆக்கப்பட்டார். பூசைக்கு ஏற்பாடு செய்வதும், காணிக்கையைப் பெறுவதும், பணியாளரை அமர்த்துவதும், செலவிடுவதும், அச்செலவு முறையானதா எனத் தீர்மானிப்பதும் ஒருவர் பொறுப்பிலேயே சேர்ந்தன. பெட்டகத்தின் சாவியும் கணக்கேடும் ஒரே கைக்கு வந்தன எனலாம்.

அடுத்த தொண்ணூறு ஆண்டுகளில் ஆறு மகந்துகள் இப்பொறுப்பை வகித்தனர். அவர்களுள் பக்தியிலும் திறமையிலும் குறைவற்றவர்கள் இருந்திருக்கலாம், வினா அதுவன்று. தவறு நேர்ந்தால் அதை உள்ளிருந்தே கேட்பதற்கு உரியவர் எவருமில்லை என்பதே குறை. மகந்து பகவான்தாஸ் காலத்தில் புதுக் கொடிமரத்தின் அடியில் இடவேண்டிய பொற்காசுகளுக்குப் பதிலாகச் செப்புக்காசுகள் இடப்பட்டன என்ற வழக்கு எழுந்ததும், நீதிமன்றம் அவரைக் குற்றவாளி எனத் தீர்த்ததும் இதன் விளைவே. மகந்து பிரயாகதாஸ் காலத்தில் நிர்வாகத் திட்டம் குறித்த வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்றது. கண்காணிக்கும் அமைப்பு இல்லாத இடத்தில் நீதிமன்றமே கண்காணிப்பாளர் ஆகிறது. ஆனால் நீதிமன்றம் இழப்பு நேர்ந்த பின்னரே வருவது. வந்தாலும் மெல்லவே நடப்பது.

நீதிக்கட்சி ஆட்சியின்போது 1933இல் சென்னை சட்டமன்றம் திருமலை திருப்பதி தேவஸ்தானச் சட்டத்தை நிறைவேற்றியது. அதன்படி தேவஸ்தானக் குழு ஒன்றும், அரசால் அமர்த்தப்பட்ட ஆணையரும் தோன்றினர். 1951ஆம் ஆண்டுச் சட்டம் இதனை அறங்காவலர் வாரியம், செயல் அலுவலர் என மாற்றியமைத்தது. ஆந்திர மாநிலம் உருவான பின்னரும், இன்று நடைமுறையிலுள்ள 1987ஆம் ஆண்டுச் சட்டத்திலும், இந்த இரட்டை அமைப்பே தொடர்கிறது.

நிறுவன உலகம் இதே கேள்விக்குப் பின்னரே வந்தது. பிரிட்டனில் 1992இல் வெளியான கேட்பரி குழுவின் அறிக்கை, நிறுவன உச்சியில் அதிகாரம் ஒருவரிடமே குவியக் கூடாது என்றது. இந்தியாவில் 2013ஆம் ஆண்டு நிறுவனச் சட்டம் தலைவரும் மேலாண்மை இயக்குநரும் ஒருவராக இருத்தலைத் தடுத்தது. ஆயினும் நிறுவனத்தின் சங்கவிதிகள் இடமளித்தால் விலக்கு உண்டு என்றது. கோட்டக் குழுவின் 2017ஆம் ஆண்டுப் பரிந்துரையைத் தொடர்ந்து, முதல் 500 நிறுவனங்கள் இரு பதவிகளையும் 2020க்குள் பிரிக்க வேண்டுமென செபி விதித்தது. பின்னர்க் கெடுவை 2022க்குத் தள்ளியது. 2022 பிப்ரவரியில் கட்டாயத்தை நீக்கி, விருப்பத்திற்கு விட்டது. குடும்பத் தலைவரே நிறுவனத் தலைவராகவும் நிர்வாகியாகவும் விளங்கும் வழக்கம் இங்கு அத்துணை ஆழமானது.

பிரிவினையை எதிர்ப்போர் கூறுவதிலும் உண்மை உண்டு. இருவர் தலைமை ஏற்றால் முடிவு தாமதமாகலாம். பொறுப்பு எவருடையது என்பது மங்கலாம். திருமலையின் வரலாறு மற்றொரு எச்சரிக்கையையும் தருகிறது. 1933க்குப் பின் பதவிகள் பிரிந்தன. ஆயினும் செயல் அலுவலரை அமர்த்துவதும் வாரியத்தை அமைப்பதும் ஒரே அரசுதான். இருவரையும் ஒருவரே நியமிக்கும்போது, இரு நாற்காலிகள் இருப்பதனாலேயே இரு மனங்கள் இருக்கும் என்று கொள்ள இயலாது.

ஆகவே பதவியைப் பிரித்தல் முதற்படி மட்டுமே. கேள்வி கேட்பவர், கேட்கப்படுபவருக்கோ அவரை நியமித்தவருக்கோ கடன்படாதவராக இருப்பது அடுத்த படி. முதற்படியை ஏறுவதற்குத் திருமலைக்குத் தொண்ணூறு ஆண்டுகள் தேவைப்பட்டன. இரண்டாம் படியில் கோயிலும் கல்விக்கூடமும் நிறுவனமும் இன்னும் ஏறிக்கொண்டுதான் இருக்கின்றன.