ஸ்டோக் மாண்டவில்லில் ஒரு புலம்பெயர் மருத்துவர்: லுட்விக் குட்மனும் தண்டுவடக் காயமுற்ற படைவீரர் மறுவாழ்வும்

முன்னுரை

இரண்டாம் உலகப் போர்க்காலப் பிரித்தானியாவில் தண்டுவடக் காயமுற்ற படைவீரர்களுக்கான மறுவாழ்வு மருத்துவத்தை வளர்த்தெடுத்தவர் லுட்விக் குட்மன் (1899–1980). பாராலிம்பிக் போட்டிகளின் தந்தை என்னும் அடைமொழி அவருடைய மருத்துவப் பணியைப் பெரிதும் மறைத்துவிட்டது. அப்பணியைப் பேசும் எழுத்துகளும் அவரது அயரா உழைப்பையும் கண்டிப்பையும் புகழ்ந்து, அக்கண்டிப்பை ஜெர்மானிய இயல்பென்று கூறி அமைவதுண்டு. ஒரு மருத்துவரின் பண்பாட்டை இவ்வாறு பிறவிக் குணமாகச் சுருக்குவது வரலாற்று விளக்கமாகாது. அவர் கொண்டுவந்தது எங்கே, யாரிடம் பயின்றது என்பதையே இக்கட்டுரை ஆராய்கிறது.

பிரெஸ்லாவு மரபு

மேல் சைலீசியாவின் டோஸ்ட் என்னும் ஊரில் யூதக் குடும்பத்தில் பிறந்த குட்மன், 1917இல் கோனிக்ஷுட்டே நகர விபத்து மருத்துவமனையில் தொண்டராகச் சேர்ந்தார். முதுகெலும்பு முறிந்த இளம் சுரங்கத் தொழிலாளி ஒருவர் அங்குக் கொண்டுவரப்பட்டார். அவர் சில வாரங்களில் இறந்துவிடுவார், குறிப்பெழுத வேண்டியதில்லை என்று குட்மனிடம் கூறப்பட்டது. ஐந்து வாரங்களில் அவர் இறந்தார். உயிரைப் பறித்தது முறிவு அன்று. படுக்கைப்புண்ணும் சிறுநீர்த் தொற்றும் விளைவித்த குருதி நச்சேற்றமே. முதல் உலகப் போரில் தண்டுவடக் காயமுற்றோருள் பெரும்பாலோரின் முடிவும் இதுவே.

பின்னர்ப் பிரெஸ்லாவில் ஓட்ஃபிரிட் ஃபோர்ஸ்டரிடம் குட்மன் பணிபுரிந்தார். ஃபோர்ஸ்டர் நரம்பியலாளராக இருந்தே அறுவையும் செய்தவர். நோயாளிக்கான உடற்பயிற்சி முறைகளையும் தாமே வகுத்தவர். நோயறிதல் முதல் பயிற்சி வரை அனைத்தும் ஒரே மருத்துவரின் பொறுப்பு என்பது அங்கு நிலவிய மரபு. பிரித்தானியாவில் நரம்பியலும் நரம்பு அறுவையும் தனித்தனித் துறைகள். தண்டுவடக் காயமுற்றவரின் எலும்பு ஒருவரிடமும் சிறுநீர்ப்பை வேறொருவரிடமும் சென்றன. தோல் எவருடைய பொறுப்பாகவும் இல்லை. ஸ்டோக் மாண்டவில்லின் புதுமையை நான் இங்கேதான் காண்கிறேன்.

ஒதுக்கப்பட்ட துறை

நாசி அரசின் சட்டங்களால் 1933இல் பதவியிழந்த குட்மன், பிரெஸ்லாவு யூத மருத்துவமனையில் பணியேற்று 1937இல் அதன் தலைமை மருத்துவரானார். 1938 நவம்பர் வன்முறையின் இரவில், வருவோர் அனைவரையும் உள்நோயாளியாகச் சேர்க்க ஆணையிட்டார். மறுநாள் வந்த அதிகாரிகளிடம் ஒவ்வொருவருக்கும் ஒரு நோயைச் சொல்லி வாதிட்டார். 64 பேரில் 60 பேர் கைதிலிருந்து தப்பினர் என்பது அவரது கூற்று. 1939 மார்ச்சில் குடும்பத்துடன் ஆக்ஸ்ஃபோர்டு சேர்ந்தார். அங்கு அவருக்குக் கிடைத்தது பெரும்பாலும் ஆய்வுப் பணி.

1944 பிப்ரவரி 1இல் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் தண்டுவடக் காயப் பிரிவு தொடங்கியபோது, தம் முறையில் எவரும் தலையிடலாகாது என்னும் நிபந்தனையுடன் பொறுப்பேற்றார். நம்பிக்கைக்கு இடமற்றதெனப் பலர் கைவிட்டிருந்த துறை அது. உள்நாட்டார் நாடாத துறைகள் புலம்பெயர் மருத்துவருக்கு வந்து சேர்வது பிரித்தானிய மருத்துவ வரலாற்றில் மீண்டும் காணப்படுவது. பிற்காலத்தில் தெற்காசிய மருத்துவர் பலர் முதியோர் மருத்துவத்திற்குச் சென்றதையும் அதை வளர்த்ததையும் வாய்மொழி வரலாற்று ஆய்வுகள் பதிவுசெய்துள்ளன. மதிப்புக் குறைந்த துறையில் போட்டியாளர் இல்லை, தடுப்பாரும் குறைவு.

குட்மன் செய்தவை பார்வைக்கு எளியவை. மாவுக்கட்டுப் படுக்கைகளை நீக்கினார். இரவும் பகலும் இரண்டு மணிக்கொருமுறை நோயாளியைப் புரட்டிப் படுக்கவைக்கச் செய்தார். நள்ளிரவில் தாமே வந்து சோதித்தார். சிறுநீர்க் குழாய் செருகும் பணியைச் செவிலியரிடம் விடாது மருத்துவரிடம் ஒப்படைத்தார். தச்சும் கடிகாரப் பழுதுநீக்கமும் கற்பிக்கப்பட்டன. பதின்வயதிலும் இருபதுகளிலும் இருந்த வீரர்களுக்கு இந்த ஒழுங்கு படைமுகாமை நினைவூட்டியிருத்தல் கூடும். எனினும் அவரைப் 'பாப்பா' என்றே அவர்கள் அழைத்தனர்.

விளையாட்டின் வேர்

ஃபிரைபுர்க்கில் மாணவராக இருந்தபோது குட்மன் யூத மாணவர் சங்கமொன்றில் இயங்கினார். யூத வெறுப்பை எதிர்கொள்ள அச்சங்கம் தேர்ந்த வழிகளுள் ஒன்று உடற்பயிற்சி. இழிவாகப் பார்க்கப்படும் உடலைப் பயிற்சியால் நிமிர்த்துதல் என்னும் இக்கருத்துக்கும் சக்கர நாற்காலி விளையாட்டுக்கும் உள்ள ஒப்புமை வெளிப்படை. ஆயினும் இதனை நேர்க்காரணமாக்குவது மிகைக்கூற்று. மருத்துவமனை முற்றத்தில் நோயாளிகள் கைத்தடியைத் தலைகீழாகப் பிடித்து வட்டொன்றை அடித்து ஆடியதைக் கண்டே இவ்வழி தமக்குத் தோன்றியதாக அவர் கூறியுள்ளார். தொடக்கம் வீரர்களுடையது; அதனை மருத்துவமாக ஏற்றுக்கொள்ளும் கண் அவருடையது. அந்தப் போலோ ஆட்டம் முரட்டுத்தனமாக மாறவே விரைவில் கைவிடப்பட்டது.

வில்வித்தை நிலைத்தது. 1948 ஜூலை 29, லண்டன் ஒலிம்பிக் தொடங்கிய நாளில், காயமுற்ற 14 ஆடவரும் 2 பெண்டிரும் ஸ்டோக் மாண்டவில் புல்வெளியில் போட்டியிட்டனர். ரிச்மண்டிலிருந்து வந்த 'ஸ்டார் அண்ட் கார்ட்டர்' முன்னாள் படைவீரர் இல்லத்தின் அணி குட்மனின் நோயாளிகளை வென்று சென்றது.