பார்வையிலிருந்து கர்ஜனைக்கு: எம்.ஜி.எம். சிங்க முத்திரையின் முதல் பதினொரு ஆண்டுகள்

மெட்ரோ-கோல்ட்வின்-மேயர் படங்களின் தொடக்கத்தில் வரும் சிங்கம் நியூயார்க்கின் கொலம்பியாப் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தது என்பது நூல் தவறாமல் சொல்லப்படும் செய்தி. முத்திரையை உருவாக்கிய விளம்பர எழுத்தாளர் ஹோவர்ட் டீட்ஸ் தாமே சொன்னதுதான் இதற்கு ஆதாரம். அவர் கூற்றில் இரண்டு பகுதிகள் உண்டு. தாம் படித்த கொலம்பியாவின் விளையாட்டு அணிகளுக்குச் சிங்கம் என்று பெயர். அதற்கு மரியாதையாகச் சிங்கத்தைத் தேர்ந்தெடுத்தார் என்பது ஒன்று. சிங்கத்தைக் கர்ஜிக்கச் சொல்லும் அப்பல்கலைக்கழகத்தின் ஊக்கப் பாடல்தான் திரையில் அதைக் கர்ஜிக்க வைக்கும் எண்ணத்தைத் தந்தது என்பது மற்றொன்று. முதற்பகுதியை நான் ஏற்கிறேன். இரண்டாவதை, அது வழக்கமாகச் சொல்லப்படும் வடிவில், ஏற்க இயலாது.

முதற்பகுதிக்குக் காலக்கணக்கு இடம் தருகிறது. கொலம்பியா சிங்கத்தைத் தன் அடையாளமாக ஏற்றது 1910இல். கோல்ட்வின் பிக்சர்ஸ் நிறுவனம் தொடங்கியது 1916இல். அந்நிறுவனத்தின் விளம்பரப் பணியை ஏற்றிருந்த பிலிப் குட்மன் முகவாண்மையில் டீட்ஸ் அப்போது வேலை பார்த்துக்கொண்டிருந்தார். முத்திரை வரையும் பொறுப்பு அந்த வழியில் அவர் கைக்கு வந்தது. அது நடந்தது 1916லா 1917லா என்பதில் நூல்கள் ஒத்துப்போவதில்லை. 1917 செப்டம்பரில் 'பாலி ஆஃப் த சர்க்கஸ்' வெளிவந்தபோது சிங்கம் இருந்தது என்பதையே உறுதியான கீழ் எல்லையாகக் கொள்ளலாம். இளைஞர் ஒருவர் தாம் படித்த கல்லூரியின் விலங்கைத் தம் முதல் முக்கியப் பணியில் பதித்தார் என்பதை ஐயப்படக் காரணம் இல்லை.

பாடல் விஷயம் அப்படியல்ல. கோரி ஃபோர்ட் என்ற மாணவர் அதற்குச் சொற்கள் எழுதியது 1923இல். முத்திரை பிறந்து ஆறேழு ஆண்டுகள் கழித்துப் பிறந்த பாடல் முத்திரையைத் தூண்டியிருக்க முடியாது. டீட்ஸின் சொல்லை அப்படியே எடுத்தாளும் எழுத்தாளர்கள் தேர்வையும் கர்ஜனையையும் ஒரே மூச்சில் ஓடவிடுகிறார்கள். வாசகர் மனத்தில் கல்லூரி, சிங்கம், பாடல், கர்ஜனை எல்லாம் ஒரே நாளில் ஒருவர் தலையில் உதித்தவை போன்ற தோற்றம் உண்டாகிறது. உண்மையில் இவை இரண்டு நிகழ்ச்சிகள். நடுவே பதினொரு ஆண்டுகள் கிடக்கின்றன.

டீட்ஸ் பக்கத்து நியாயத்தையும் சொல்லியாக வேண்டும். 1924 ஏப்ரலில் மெட்ரோ, கோல்ட்வின், மேயர் ஆகிய மூன்று நிறுவனங்களையும் மார்கஸ் லோ ஒன்றாக்கினார். சாமுவேல் கோல்ட்வின் அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே விலகிப் போயிருந்தார். அவர் பெயரும் சிங்கமும் மட்டும் புதிய நிறுவனத்துக்கு வந்து சேர்ந்தன. டீட்ஸ் அங்கே விளம்பரத் துறையின் தலைவரானார். ஆக, 1928இல் கர்ஜனை சேர்ந்தபோது அவர் நிறுவனத்தில் இருந்தார். பாடலும் ஐந்து ஆண்டுகளாகப் பாடப்பட்டு வந்தது. பாடல் அவர் நினைவில் ஒலித்திருக்கலாம். ஆனால் கர்ஜனைக்கு ஒரு பாடல் தேவைப்பட்டதா? 1926 ஆகஸ்டில் வார்னர் நிறுவனம் 'டான் ஜுவான்' படத்தைப் பதிவு செய்த இசையோடும் ஓசைகளோடும் காட்டியது. 1927 அக்டோபரில் 'த ஜாஸ் சிங்கர்' வந்தது. எம்.ஜி.எம். இப்போட்டியில் பின்தங்கியிருந்தது. அதன் படங்களில் பதிவிசையோடும் ஓசைகளோடும் முதலில் வந்தது 1928இன் 'ஒயிட் ஷேடோஸ் இன் த சவுத் சீஸ்'. சிங்கத்தின் குரலைப் பார்வையாளர்கள் முதலில் கேட்டதும் அந்தப் படத்தில்தான். இது தற்செயல் அன்று. ஒலி வந்துவிட்டது என்று அறிவிக்க ஒரு நிறுவனத்துக்குக் கையில் சிங்கமே இருக்கும்போது, அது வேறென்ன செய்யும்? கர்ஜனையின் தாய் ஒலிப்பதிவுக் கருவி. பாடல் பின்னால் வந்து ஒட்டிக்கொண்ட உறவு என்பதே என் துணிபு.

கர்ஜனைக்கு முன் சிங்கம் என்ன செய்தது என்ற கேள்வி இங்கே முக்கியம். புதிய நிறுவனத்தின் முதற் சிங்கம் ஸ்லாட்ஸ். அயர்லாந்தின் டப்ளின் விலங்குக் காட்சிசாலையில் 1919 மார்ச் 20இல் பிறந்தது. பயிற்சியாளர் வால்னி ஃபைஃபர். லான் சேனி நடித்த 'ஹி ஹூ கெட்ஸ் ஸ்லாப்ட்' (1924) முதல் 1928 வரை திரையில் வந்தது இதுவே. கோல்ட்வின் காலத்துச் சிங்கமும் இதுதான் என்று எழுதுவோர் உண்டு. பிறப்பு ஆண்டு சரி என்றால் அது நடக்கவே இயலாது. 1917இல் ஸ்லாட்ஸ் பிறக்கவே இல்லை. ஃபைஃபர் அதை உறுமப் பழக்கியிருந்தார் என்று ஒரு செவிவழிச் செய்தி உலவுகிறது. படச்சுருளில் அதன் தடயம் இல்லை. திரையில் ஸ்லாட்ஸ் தலையைத் திருப்பும். அங்கும் இங்கும் பார்க்கும். அவ்வளவே.

அடுத்து வந்த ஜாக்கியின் காட்சியில்தான் நான் நெடுநேரம் நின்றேன். ஜாக்கி முதலில் மெல்ல உறுமுகிறது, பிறகு உரக்கக் கர்ஜிக்கிறது, சிறு இடைவெளி, மீண்டும் ஓர் உறுமல். அதோடு முடியவில்லை. முகத்தைத் திரையின் வலப்பக்கம் திருப்பி எதையோ பார்க்கிறது. 1928 முதல் 1932 வரையிலான நீண்ட பாடத்தில் இன்னும் ஒன்று கூடுதல்: வலப்பக்கம் போன பார்வை சில நொடிகள் கழித்து மீண்டும் நம் பக்கம் திரும்புகிறது. பிந்தைய படங்களில் இந்தத் திரும்புதல் வெட்டப்பட்டுவிட்டது.

இந்தச் சில நொடிகளைப் பயனற்ற நீட்சி என்று ஒதுக்கிவிட்டுப் போவது எளிது. என் கருத்து வேறு. பார்ப்பது என்பது பேசாப்படச் சிங்கத்தின் தொழில். ஸ்லாட்ஸ் செய்தது அது ஒன்றுதான். ஜாக்கியின் நீண்ட பாடத்தில் பழைய தொழிலும் புதிய தொழிலும் அடுத்தடுத்து நிற்கின்றன: முன்பாதி ஒலிக்குரியது, பின்பாதி ஊமைக் காலத்துக்குரியது. கர்ஜனைக்காகவே முத்திரையைப் புதிதாக வகுத்திருந்தால் கடைசி உறுமலோடு காட்சியை முடித்திருப்பார்கள். விலங்கு தன் போக்கில் திரும்பியது, கேமரா ஓடிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான் என்று எவரேனும் மறுக்கலாம். அதற்கு என்னிடம் எழுத்துச் சான்று இல்லை. ஆனால் திரும்பிய விலங்கை வெட்டாமல் விட்டவர் மனிதர். நான்கு ஆண்டுகள் அதை அப்படியே விட்டிருக்கிறார்கள் என்றால், பார்க்கும் சிங்கத்துக்கு அவர்கள் கண் பழகியிருந்தது என்றே கொள்ள வேண்டும்.

சிங்கத்தைச் சுற்றியுள்ள வளைய வாசகமும் இதே திசையில் சான்று தருகிறது. 'ஆர்ஸ் கிராட்டியா ஆர்ட்டிஸ்' என்ற அந்த மூன்று சொற்களுக்கு 'கலையின் பொருட்டுக் கலை' என்று பொருள் சொல்கிறோம். சொல்வரிசையோ அப்படி இல்லை. லத்தீனில் 'கிராட்டியா' நம் 'பொருட்டு' போலவே இயங்கும் சொல்; வேற்றுமை ஏற்ற பெயருக்குப் பின்னால்தான் இயல்பாக வரும். 'எடுத்துக்காட்டாக' என்ற பொருளில் ஆங்கில நூல்களில் காணும் இரண்டெழுத்துச் சுருக்கத்தின் விரிவு 'எக்செம்ப்ளி கிராட்டியா'. அந்த மரபுப்படி இங்கே 'ஆர்ஸ் ஆர்ட்டிஸ் கிராட்டியா' என்று இருக்க வேண்டும். வளையத்தில் உள்ளதைச் சொல்லுக்குச் சொல் வைத்தால் 'கலை, பொருட்டு, கலையின்' என்று வரும். லத்தீன் சொல்வரிசை நெகிழ்ச்சி உடையது. ஆகவே இதைப் பிழை என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஏன் இந்த வரிசை?

ஆங்கிலத் தொடரைச் சொல்வரிசை மாறாமல் பெயர்த்தார்கள் என்பது ஒரு விளக்கம். அதைத் தள்ள என்னால் முடியவில்லை. எனினும் வளையத்தைக் கண்ணால் பாருங்கள். நீளமான சொல் உச்சியில், சிங்கத்தின் தலைக்கு நேர் மேலே அமர்ந்திருக்கிறது. ஒரே வேரிலிருந்து வந்த இரண்டு சொற்கள் இருபுறமும் தோள்போல இறங்குகின்றன. மரபு வரிசையில் எழுதினால் இந்தச் சமநிலை குலையும். காதுக்கு இடறும் வரிசை கண்ணுக்குப் பொருந்துகிறது. சுவரொட்டிக்கும் பத்திரிகை விளம்பரத்துக்கும், அதாவது தாளுக்காகப் பிறந்த முத்திரை இது; கேட்பதற்காகப் பிறந்ததல்ல என்று நான் எண்ண இதுவும் ஒரு காரணம்.

பிற்கால வரலாறு நன்கு அறிந்ததே. வண்ணப் படங்களுக்கு டானர் வந்தது. 1957 முதல் லியோ என்ற இளஞ்சிங்கம் அறுபது ஆண்டுகளுக்கு மேல் நிலைத்தது. லியோ என்பது விலங்கின் பெயர் என்பதைவிட முத்திரையின் பெயர் என்பதே பொருத்தம். 1927 செப்டம்பரில் மார்ட்டின் ஜென்சன் ஓட்டிய விமானம் அரிசோனாவில் விழுந்தபோது கூண்டோடு உயிர்தப்பிய சிங்கத்தையும் விளம்பரங்கள் லியோ என்றே அழைத்தன. அன்று திரையில் இருந்தது ஸ்லாட்ஸ்.

கர்ஜனை முத்திரையின் உயிராகிவிட்ட பிறகும் அதைப் பிரித்தெடுக்க முடிந்தது. 1959இன் 'பென்-ஹர்' கிறிஸ்து பிறப்போடு தொடங்குவதால், சிங்கம் அங்கே கர்ஜிப்பது தகாது என்று இயக்குநர் வில்லியம் வைலர் கருதினார். அசையாச் சிங்கமே ஓசையின்றித் தோன்றியது. 1982இல் ஒலிக்கலைஞர் மார்க் மங்கினி கர்ஜனையைப் புதிதாக அமைத்தபோது புலிகளின் குரலைச் சேர்த்தார். சிங்கத்தின் சொந்தக் குரல் அவருக்குப் போதிய சீற்றம் உடையதாகப் படவில்லை. 2021 மார்ச்சில் அறிமுகமான முத்திரையில் உயிருள்ள சிங்கமே இல்லை. அது கணினியில் உருவானது.

இந்த ஆய்வு முழுவதும் சில நொடி நீளமுள்ள படத்துண்டுகளை நம்பியே நடந்தது. பழைய படங்களை மறுவெளியீடு செய்யும்போது தொடக்க முத்திரையை அகற்றிவிட்டுப் புதியதை ஒட்டும் வழக்கம் திரையுலகில் இருக்கிறது. ஜாக்கியின் பார்வை திரும்பும் அந்தச் சில நொடிகள் அப்படி எத்தனை பிரதிகளிலிருந்து வெட்டி எறியப்பட்டனவோ. பழம்படங்களைச் செப்பனிடும் காப்பகத்தாரிடம் என் வேண்டுகோள் இது: முதல் சட்டகத்திலிருந்தே படம் தொடங்குகிறது என்று கொள்ளுங்கள், முத்திரையை அதன் படத்தோடேயே விட்டுவையுங்கள்.